பதினாலாம் பாடத்துப் படம்

ஒரு மனுசன் சரியா இருக்கலாம், தப்பில்ல. எந்நேரமும் சரியாவே இருந்தா பக்கத்துல இருக்கிறவன் என்னதான் பண்றது? எங்க மாப்பிள்ளை, அதாவது என் தங்கச்சி பாக்கியத்தக் கட்டினவரு, அப்படி ஒரு ஆளு. பேரைச் சொல்லமாட்டேன். சொன்னா நான் சொன்ன விதத்துல ஏதாவது பிழை கண்டுபிடிச்சு எங்கேயிருந்தாவது ஒரு கடுதாசி போட்டுடுவாரு.

மலாயாவுல, மலாக்காவுக்குப் பக்கத்துல செலண்டாரைத் தாண்டி உள்ள போனா வர்ற கித்தா தோட்டத்துல, ரப்பர் பாலை உறைய வெச்சு ஷீட் போடுற ஸ்டோர்ல, நாங்க ரெண்டு பேரும் இஞ்சின் ஆளுங்க. பாய்லருக்கு விறகு போட்டு ஸ்டீம் ஏத்தி, இஞ்சினை ஓட்டி, ஷீட் உருளைகளைச் சுத்தவிடுறது எங்க வேலை. ஒரு வாரம் அவரு பாய்லர், நான் இஞ்சின். அடுத்த வாரம் மாத்திக்குவோம். ரெண்டு பேருமே மலாக்கா டவுன்ல பொறந்து, பாதிரிச் சாமியாருங்க நடத்தின பள்ளிக்கூடத்துல ஏழாவது வரைக்கும் இங்கிலீஷ் படிச்சவங்க. அதனாலதான் பால்வாளி தூக்காம எண்ணெய்க் கையோட பொழச்சோம்.

அந்தக் காலத்துல லண்டன்ல தபால் மூலமா தொழில்படிப்பு சொல்லிக்கொடுக்கிற காலேஜ் ஒண்ணு இருந்துச்சு. அங்க என்னென்ன படிப்பு இருக்குன்னு பட்டியல் போட்ட பச்சை அட்டைப் புத்தகம் ஒண்ணு மாப்பிள்ளை கையில எப்படியோ கிடைச்சிருச்சு. பாய்லர், இஞ்சின், பாலம் கட்டுறது, சுரங்கம் தோண்டுறது, கப்பல், மின்சாரம்னு வரிசையாப் போட்டிருக்கும். மத்தவங்க சாமி படத்துக்குப் பக்கத்துல விபூதித் தட்டு வெப்பாங்க, இவரு அந்தப் புத்தகத்த வெச்சிருந்தாரு. அஞ்சு வயசுப் பொண்ணுக்கு மின்சாரம்னு முடிவு பண்ணிட்டாரு. தவழ்ற பையனுக்குப் பாலம். நாங்க குடியிருந்த லயத்துல எல்லாரும் அவரை 'லண்டன்'னு கூப்பிட்டுச் சிரிச்சாங்க. கூப்பிட்டா "என்னங்க?"ன்னு மரியாதையாத் திரும்பிப் பார்ப்பாரு. கேலி பண்ணினவனுக்கே வெக்கமாயிரும்.

தான் சேர்ந்தது போதாதுன்னு என்னையும் இழுத்து விட்டாரு.

"மச்சான், தனியாப் படிச்சா சந்தேகம் பேச ஆளில்ல. நீங்களும் சேருங்க."

"எனக்குச் சந்தேகமே வராதே மாப்பிள்ளே."

"அதுதான் உங்ககிட்ட உள்ள கோளாறு," அப்படின்னாரு. கோவமாச் சொன்னா திருப்பி ஏதாவது சொல்லலாம். டாக்டரு நாக்கைப் பார்த்துச் சொல்ற மாதிரில்ல சொன்னாரு! தொல்லை விட்டாப் போதும்னு சேர்ந்தேன்.

மாசத்துக்கு ஒரு பாடம் கப்பல்ல வரும். கடைசியில கேள்வி இருக்கும். பதில் எழுதி அனுப்பினா, அங்க உள்ள வாத்தியாருங்க சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவாங்க. போக ஒரு மாசம், வர ஒரு மாசம். நாம என்ன எழுதினோம்னே மறந்துபோன பிறகுதான் அது தப்புன்னு தெரியவரும். நான் சிவப்பு எத்தனை இடத்துல இருக்குன்னு பார்த்துட்டு மூடி வெச்சிருவேன். அவரு கையெழுத்த வெச்சே வாத்தியாருங்களத் தரம் பிரிச்சு வெச்சிருந்தாரு. முகம் தெரியாது, பேரு தெரியாது, அடியில ரெண்டு எழுத்துதான் இருக்கும். "இந்த வட்டமா எழுதுறவரு இளவயசு. முழுசாப் படிக்காமலே சரி போட்டுடுறாரு"ம்பாரு. "எச்.டபிள்யூ. இருக்காரே, பொடி எழுத்துக்காரரு, அவருதான் வாத்தியாரு. ஒரு புள்ளியக்கூட விடமாட்டாரு."

விடாக்கண்டன் ஒருத்தரு லண்டன்ல, இன்னொருத்தரு செலண்டார்ல. நடுவுல கப்பல்காரன் பாவம் சுமந்தான்.

ஒரு தடவை எச்.டபிள்யூ.வோட எழுத்து கோணலா நடுங்கிக்கிட்டு வந்துச்சு. மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கல. "பக்கவாதமா இருக்குமோ மச்சான்?"னு மூணு நாளு என் உயிர வாங்கினாரு. வெள்ளிக்கிழமை தேங்காய் பழத்தோட மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டாரு. கூட நான் வேற.

"யார் பேருக்கு அர்ச்சனை?"ன்னு கேட்டாரு பண்டாரம்.

"எச்.டபிள்யூ."

"என்ன நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"சரி, என்ன குலமாவது சொல்லுங்க."

"இஞ்சினீயரிங்."

பண்டாரம் என்னைப் பார்த்தாரு. நான் மாரியாத்தாளப் பார்த்தேன். அர்ச்சனை நடந்துச்சு. அடுத்த தபால்ல எழுத்து நேரா வந்துச்சு. பாக்கியம் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அவரு சிரிக்கல. சூடம் காட்டின தட்டுல காசு வெக்கறதுக்கு மறந்துட்டோமேன்னு மறுபடியும் கோயிலுக்குப் போனாரு.

இது போகட்டும், இதுல யாருக்கும் நஷ்டமில்ல. கடலோரத்து உம்பாய்க்கு மீன் வாங்கப் போன கதையக் கேளுங்க. என் பொஞ்சாதி, பாக்கியம், நான், அவரு, நாலு பேரும் கூடை நிறைய மீனோட ஏழு பேரு உக்கார்ற சின்ன பஸ்ல திரும்பி வர்றோம். நடுவழியில இஞ்சின் கொதிச்சுப் புகை வந்துச்சு. டிரைவர் சீனன். ரோட்டோரத்து ஓடையில வாளித் தண்ணி மொண்டு வந்து ஊத்தப் போனான். இவரு இறங்கிப் போயி, சூடா இருக்கிற இரும்புல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விட்டுரும், அரை மணி நேரம் பொறுன்னு மலாய்ல வகுப்பு எடுக்க ஆரம்பிச்சாரு. அவன் ஊத்தப் போறான், இவரு வாளியப் பிடிக்கிறாரு. பஸ்ல இருந்தவங்க கத்துறாங்க. கடைசியில அவன் எங்க நாலு பேரையும் பார்த்து "துருன்! துருன்லா!"ன்னு கத்தி இறக்கி விட்டுட்டுப் போயிட்டான்.

வெயில்ல மீன் கூடையோட நடந்தோம். ரெண்டு மைல் தாண்டினதும் பார்த்தா அதே பஸ் புல்லுமேல நிக்குது. இஞ்சின் விரிசல் விட்டுப்போச்சு. சரி, ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டாவது வருவாருன்னு பார்த்தேன். இவரு டிரைவர்கிட்டப் போயி, விரிசல் எந்த இடத்துல இருக்கும், அதுக்கு என்ன பட்டை போட்டா வீடு வரைக்கும் ஓட்டலாம்னு மண்ணுல படம் போட்டுக் காட்டினாரு. அவன் ஸ்பேனரத் தூக்கிட்டு அடிக்க வந்தான். நாங்க வீடு வந்து சேர்ந்தப்போ மீனைத் தெருநாய்கூட மோந்து பார்த்துட்டு ஒதுங்கிப் போச்சு.

இன்னொரு காரியம் பண்ணினாரு. அத இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு எரியும். மரம் சீவுற வெட்டுக்காரங்க கொண்டு வர்ற பாலுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்க்க ஸ்டோர்ல ஒரு கண்ணாடி மிதவை உண்டு. பாலுல விட்டா ஒரு அளவுல நிக்கும். அந்த அளவு குறைஞ்சா தண்ணி கலந்திருக்கேன்னு ஆளுங்கள மேய்க்கிற தண்டல் திட்டுவான், அன்னைக்கு அரைப் பேருதான் போடுவான், அரைச் சம்பளம்தான் கிடைக்கும். ஒரு நாள் இவரு மிதவைய எடுத்துப் பச்சைத் தண்ணியில விட்டுப் பார்த்திருக்காரு. அளவு பிசகா இருக்கு. யாருக்குச் சாதகமா? வெட்டுக்காரங்களுக்கு! அது ஏமாத்தினது தோட்டத்த. வாய மூடிக்கிட்டு இருக்கலாமில்ல? நேரா ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிற பெரிய கிராணிகிட்டப் போயிச் சொல்லிட்டாரு. புது மிதவை வந்துச்சு. முதல் நாளே அளவு குறைஞ்சு நின்னது யாரு பாலு தெரியுமா? வெட்டுக்குப் போயிக்கிட்டிருந்த என் தங்கச்சி பாலுதான்.

"நாசமாப் போற மனுசா, நீ யாரு பக்கம்?"னு லயத்துப் பொம்பளைங்க வாசல்ல வந்து கேட்டாங்க.

"மிதவைக்குப் பக்கம் கிடையாதுங்க"ன்னாரு. பாக்கியம் உள்ள உக்காந்து அழுதா. அதுக்கப்புறம் அந்த மிதவைய மாசத்துக்கு ஒரு தடவை அவரே பார்த்தாரு. ரெண்டாவது தடவை அது தோட்டத்துக்குச் சாதகமாப் பிசகினப்பவும் அதே முகத்தோட போயிச் சொன்னாரு. அதுக்கு மட்டும் யாரும் வாசல்ல வந்து கைகூப்பல.

இப்ப பதினாலாம் பாடத்துக்கு வர்றேன்.

பாய்லருக்குத் தண்ணி போற குழாயில ரெண்டு வால்வு இருக்கும். ஒண்ணு உள்ள போன தண்ணி திரும்பி வராதபடி தானா அடைச்சுக்கிறது. இன்னொண்ணு கையால திருகி மூடுறது. தானா அடைக்கிற வால்வுல அடிக்கடி குப்பை சிக்கும், கழட்டித் துடைக்கணும். அதனால கையால மூடுறது பாய்லர் பக்கம் இருக்கணும். அத மூடிட்டு இதக் கழட்டினா ஆபத்தில்ல. எங்க பாய்லர்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா பதினாலாம் பாடத்து ஆறாவது படத்துல இடம் மாறிப் போட்டிருந்தாங்க. படத்துல உள்ளபடி குழாய் பூட்டி, துடைக்கிறதுக்காகக் கழட்டினா, பாய்லர்ல கொதிக்கிற தண்ணியெல்லாம் கழட்டினவன் கையிலதான் வரும்.

நான் அதக் கவனிக்கவே இல்ல. நமக்கென்ன, படம்தானே! அவருக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா, ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துல அப்படி மாறிப் பூட்டின குழாயக் கழட்டினவன் கை முழங்கை வரைக்கும் வெந்ததக் கண்ணால பார்த்தவரு அவரு. உடனே லண்டனுக்குக் கடுதாசி போட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு எச்.டபிள்யூ. பொடி எழுத்துல பதில் வந்துச்சு: "அச்சிட்டபடியே படிக்கவும்." அவ்வளவுதான். இவரு மறுபடி எழுதினாரு, படம் போட்டு. பதில் வரல. மூணாவது தடவை எழுதினாரு.

"மாப்பிள்ளே, அர்ச்சனை பண்ணினவருகிட்டயே சண்டைக்குப் போறீங்களே."

"சண்டை இல்ல மச்சான். அவரு படத்தப் பார்க்காம எழுதிட்டாரு. பார்த்தா ஒத்துக்குவாரு. அவரு அப்படிப்பட்டவரு."

அந்தச் சமயம்தான் ரப்பருக்கு விலை விழுந்துச்சு. தோட்டம் தோட்டமா ஆளுங்களக் கப்பல் ஏத்தி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினாங்க. ஒரு நாள் காலையில துரை எங்க ரெண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. துரை பேசுற தமிழு தோட்டத்துத் தமிழு.

"இஞ்சின் ஆள் ரெண்டு வேணாம். ஒண்ணு போதும். எவன்கிட்ட லண்டன் காகிதம் வரும், அவன் நிக்கும். மத்தவன் கப்பல் ஏறும்."

மலாக்காவுல பொறந்தவங்கள ஊருக்குப் போன்னா எந்த ஊருக்குப் போறது? எங்க அப்பனுங்க லால்குடிப் பக்கத்துலயிருந்து வந்தவங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம், அவ்வளவுதான். எனக்கு நாலு பிள்ளைங்க. அவருக்கு ரெண்டு. படிப்பு முடியிறப்போ வர்ற பரிட்சையில ரெண்டு பேரும் பாஸ் பண்ணிப் பட்டம் வாங்கினா துரை மனசு மாறலாம், ரெண்டு பேரையும் வெச்சுக்கலாம்னு பெரிய கிராணி ரகசியமாச் சொன்னாரு. அவரு யாழ்ப்பாணத்துக்காரரு, எங்க மேல கொஞ்சம் அன்பு உண்டு. அந்த ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்.

பரிட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் பாக்கியம் பையனை இடுப்புல வெச்சுக்கிட்டு எங்க நடுவுல வந்து நின்னா.

"அண்ணே, அந்தப் படம் பரிட்சையில வருமா?"

"வரலாம்."

"வந்தா இவரு என்ன பண்ணுவாரு?"

நான் அவரைப் பார்த்தேன். அவரு கூரையப் பார்த்தாரு.

"புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படியே போட்டுட்டு வாங்க," அப்படின்னா பாக்கியம். "என் தலைமேல கை வெச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் தெரியாத ஊர்ல போயி யார் வாசல்ல நிப்பேன்?"

அவரு எழுந்து வந்தாரு. அப்புறம் அவ தலைமேல கை வெச்சாரு. "பரிட்சையில மட்டும்தான். மறுநாளே நாலாவது கடுதாசி போட்டுடுவேன்"னாரு. சரி, எப்படியாவது போங்கன்னு எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

பரிட்சைக்கு லண்டன்லயிருந்து ஆள் வரமாட்டாங்க. கேள்வித்தாள் ஒட்டின உறையில வரும். பொறுப்பான ஒருத்தரு முன்னால பிரிச்சு, மூணு மணி நேரத்துல எழுதி, அவரே ஒட்டி அனுப்பணும். ஞாயித்துக்கிழமை காலையில தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிராணி உறையப் பிரிச்சாரு. நாலாவது கேள்வியப் பார்த்தேன். அதே குழாய். படம் வரைந்து விளக்குகன்னு இருந்துச்சு.

நான் புத்தகத்துல உள்ளத அப்படியே போட்டேன். போட்டுட்டு மெதுவா அந்த மேசையப் பார்த்தேன். அவரும் போட்டுக்கிட்டிருந்தாரு. புத்தகத்துல உள்ளபடியேதான்! அடடா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடான்னு நெனச்சேன். அஞ்சாவது கேள்வி எழுதினேன், ஆறாவது எழுதினேன். மறுபடி பார்த்தா மனுசன் அழிச்சுக்கிட்டிருக்காரு. தாளு கிழியிற அளவுக்கு அழிக்கிறாரு! அழிச்சு, வால்வை இடம் மாத்திப் போட்டு, கீழ எழுதுறாரு, எழுதுறாரு, எழுதிக்கிட்டே இருக்காரு. ஒரு பக்கம் முடிஞ்சு அடுத்த பக்கம் போயிட்டாரு.

பெரிய கிராணிக்கே பொறுக்கல. "தம்பி, உமக்கென்ன விசரே? மிச்சக் கேள்விக்கும் மறுமொழி எழுத வேணுமெல்லே!"

"இது முடியட்டும் ஐயா."

"நேரம் முடிஞ்சுது. பேனையை வையும்."

அஞ்சாவதும் ஆறாவதும் வெத்துத் தாளு. வெளிய வந்ததும் சட்டையப் பிடிச்சிட்டேன், என் தங்கச்சி புருசன்னு கூடப் பார்க்கல. "தலையில கை வெச்சீங்களே! அவ உங்க பொஞ்சாதி இல்லையா? எவனோ அச்சுப் போட்ட படம், அதுக்காகப் பிள்ளைங்களக் கடல்ல தள்ளுவீங்களா?"

சட்டைய விடுவிக்கக்கூட இல்ல. "போட்டேன் மச்சான். சத்தியத்துக்குப் போட்டேன். போட்டுட்டுப் பார்த்தா, அந்த வால்வைக் கழட்ட ஒருத்தன் கை நீட்டுறது எனக்குத் தெரியுது. நான் போட்ட படத்தப் பார்த்து நீட்டுறான். எப்படி அப்படியே விட்டுட்டு வர்றது?"

கேட்டீங்களா கதைய! சுவத்துல முட்டிக்கலாம், வேற என்ன!

ரெண்டு மாசம் கழிச்சு ஒரே நாள்ல ரெண்டு உறை வந்துச்சு. ஒண்ணு கனமா, ஒண்ணு லேசா. கனமானதுல வழவழப்பான தாள்ல, தங்க முத்திரை போட்டு என் பேரு. லேசானதுல நாலு வரி.

துரை முன்னால அவரு முதல் தடவையாக் கெஞ்சினாரு. தனக்காகக் கெஞ்சினாருன்னு நான் நெனச்சேன். "துரை, ஒரு நிமிசம் வந்து நம்ம பாய்லரைப் பாருங்க. புத்தகத்துல உள்ள படம் தப்பு. லண்டனுக்கு நீங்க ஒரு வரி எழுதினாப் போதும்" அப்படிங்கிறாரு.

துரை சிரிச்சாரு. "நம்ம பாய்லர் தப்பு இருக்கலாம். லண்டன் தப்பு இருக்குமா?" அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "நீ பாஸ். நீ சொல்லு. எது சரி?"

நான் இங்க ஒரு நிமிசம் நிக்கணும். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அந்தக் குழாய நானே நூறு தடவை கழட்டியிருக்கேன். ஆனா அவரு சொன்னது சரின்னு சொன்னா, என் காகிதத்துல உள்ளது என்னன்னு துரை கேப்பாரு. எனக்கு நாலு பிள்ளைங்க.

"புத்தகத்துல உள்ளதுதான் துரை"ன்னேன்.

அவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. திட்டுவாரு, துப்புவாருன்னு நின்னேன். வெளிய வந்ததும் என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. "மச்சான், நீங்க நெசமாவே அப்படி நெனச்சுக்கிட்டா இருக்கீங்க? இனிமே பாய்லர் நீங்க ஒருத்தரு மட்டும்தான். மாத்திக் கழட்டினா வெந்து போயிருவீங்களே." அந்த மனுசனுக்குக் கவலை அதுதான்! நான் பொய் சொன்னேன்கிற நெனப்பே அவருக்கு வரல. எனக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டாரு.

தோட்டத்த விட்டுப் போற அன்னைக்கு மூட்டை கட்டுற நேரத்துல ஆளக் காணோம். தேடிப் போனா, பாய்லர் பக்கத்துல குந்திக்கிட்டு, கையால மூடுற அந்த வால்வுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருக்காரு. பக்கத்துச் சுவத்துல, "முதலில் இதை மூடு"ன்னு தமிழ்ல எழுதியிருந்தாரு.

தம்பின் ஸ்டேஷன்ல, கப்பல் துறைக்குப் போற ரயிலேத்தி விடப் போனேன். பாக்கியம் ஜன்னல் பக்கம் உக்காந்து, பொண்ணு தலையக் கோதிவிட்டுக்கிட்டே என்னைக் கேட்டா.

"அண்ணே, அந்தப் படம் தப்புன்னு உனக்கும் தெரியும்தானே?"

மணி அடிச்சுட்டாங்க. நான் பொண்ணு கையில பிஸ்கட் பொட்டலத்தக் கொடுத்தேன்.

ஒரு வருசம் போச்சு. காலேஜ்லயிருந்து எனக்கு ஒரு உறை வந்துச்சு. உள்ள பசை தடவின சின்னத் துண்டுக் காகிதம். 'பதினாலாம் பாடம், ஆறாவது படம்: பழைய படத்தின் மேல் இதை ஒட்டிக்கொள்ளவும்.' வால்வு ரெண்டும் இடம் மாறியிருந்துச்சு. யாரு சொல்லி மாத்தினோம்னு ஒரு வார்த்தை இல்ல. அடியில எச்.டபிள்யூ.ன்னு மட்டும் அச்சுல இருந்துச்சு.  இதப் பார்த்தாவது அந்த மனுசன் ஒரு நாள் சந்தோசமாச் சோறு தின்னட்டும்னு, அவங்க போய்ச் சேர்ந்திருந்த லால்குடிக்கு அனுப்பி வெச்சேன்.

மூணு மாசத்துல பதில் வந்துச்சு.

'அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, இங்கு யாவரும் சுகம். நான் ஒரு அரிசி மில்லில் இஞ்சின் பார்க்கிறேன். பெரியவளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன், நன்றாகப் படம் போடுகிறாள். தாங்கள் அனுப்பிய துண்டுக் காகிதம் கிடைத்தது, தங்கள் பார்வைக்கு இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எச்.டபிள்யூ. படத்தைப் பார்த்துவிட்டார், மிக்க சந்தோஷம். ஆனால் இதிலும் தப்பு இருக்கிறது. இடம் மாற்றும்போது தானாக அடைக்கும் வால்வைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டார்கள். இப்படிப் பூட்டினால் பாய்லருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. நான் எழுதினால், தோற்றவன் பொருமுகிறான் என்று போட்டுவிடுவார்கள். தாங்கள் அவர்களிடம் பட்டம் பெற்றவர். தாங்கள் எழுதினால் கேட்பார்கள். எங்கோ ஒருவன் இதைப் பார்த்துக் குழாய் பூட்டிக்கொண்டிருப்பான். உடனே எழுதவும்.'

அட, கடவுளே! எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. வேலை போச்சு, ஊரு போச்சு, என் தங்கச்சி வாழ்க்கையே திசை மாறிப் போச்சு, இந்த மனுசன் இன்னும் அந்தக் குழாய விடல! கடுதாசியச் சுருட்டி எறிஞ்சேன். மறுபடி எடுத்து நீவினேன். அவரு திருப்பி அனுப்பின துண்டுக் காகிதத்தோட பாய்லர் பக்கம் போயிப் பார்த்தேன். சரியாத்தான் சொல்லியிருந்தாரு. எப்பத்தான் சரியாச் சொல்லாம இருந்தாரு!

எழுத உக்காந்தேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. 'நான் தங்கள் காலேஜில் பட்டம் பெற்றவன்'னு முதல் வரி வந்துரும். ரெண்டாவது வரிக்கு அந்தப் படத்தப் பத்தி எழுதணும். எழுதினா, பழைய படம் தப்புன்னு அன்னைக்கே எனக்குத் தெரியுமான்னு யாரும் கேக்கப்போறதில்ல. லண்டன்காரனுக்கு அது எதுக்கு? ஆனா பேனா அங்கேயே நின்னுரும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு மூடி வெப்பேன். அப்படியே வருசமாச்சு. அப்புறம் சண்டை வந்துச்சு, ஜப்பான்காரன் வந்தான், தபாலே நின்னுபோச்சு.

பாய்லர்ல முப்பது வருசம் வேலை பார்த்துட்டேன். அந்தச் சிவப்பு வால்வை மூடாம ஒரு நாளும் அந்தக் குழாயில கை வெச்சதில்ல. பெயிண்ட் உரிஞ்சப்பெல்லாம் நானே அடிச்சேன். வேலைய விட்டு நிக்கிறப்போ தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் என் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"பாய்லர் ஆளுன்னா கையில பத்துத் தழும்பாவது இருக்கும். உங்களுக்கு ஒண்ணுகூட இல்லையே! லண்டன் பட்டம் வாங்கின கைன்னா சும்மாவா?"

"ஆமா"ன்னேன். இன்னைக்கும் யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்றேன்.